கவிதை நோட்டும் ஸ்பைக் ஷூவும்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஓட்டப்பந்தய மாணவி ஒருவரின் கடிதம் நீளமானது. விளையாட்டும் கவிதையும் இளவயதுக் காதலும் ஒன்றாகச் சிக்கிக்கொண்ட அதே பொருளைத் தொட்டு வேறு சிலரும் எழுதியிருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களில் சிலர் 18 வயது நிரம்பாதவர்கள் என்பதால் எல்லாருடைய பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறேன்.

அம்மா, எனக்கு 17 வயது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். விளையாட்டு விடுதியில் தங்கி 800 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன். பயிற்சிக் குறிப்பு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கவிதை எழுதி வருகிறேன். அவற்றில் பல, எங்களோடு பயிற்சி செய்யும் நீளம் தாண்டும் மாணவனைப் பற்றியவை. அவனுக்கும் என் வயதுதான். பேசிப் பழகியிருக்கிறோம், அவ்வளவுதான். டைமிங் பார்ப்பதற்காக நோட்டை வாங்கிய கோச் பின்பக்கத்தையும் படித்துவிட்டு, “ஓட்டம், கவிதை, காதல், மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்” என்றார். 2 நிமிடம் 16 வினாடியில் ஓடிக்கொண்டிருந்த நான் கடைசி இரண்டு போட்டியிலும் 2:19தான் ஓடினேன். அவர் சொல்வது சரியா? கவிதையை அவனிடம் கொடுக்கலாமா? நோட்டின் சில பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். கவிதை நன்றாக இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

மகளே, டைமிங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உன் கோச்சின் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது, ஆனால் அது எந்தப் பாதி என்பதை நீ அனுப்பிய நோட்டுப் பக்கமே காட்டிக்கொடுக்கிறது. 2:16 ஓடிய நாளில் முதல் சுற்று 67 வினாடி, இரண்டாம் சுற்று 69 என்று எழுதியிருக்கிறாய். 2:19 ஓடிய இரண்டு நாட்களில் ஒன்றில் 64, 75. மற்றொன்றில் 65, 74. கால்களில் வலு குறைந்த பெண் முதல் சுற்றை முன்பைவிட மூன்று வினாடி வேகமாக ஓட மாட்டாள். 800 மீட்டரில் முதல் வளைவு முடியும் வரைதான் அவரவர் லேன். பிறகு எல்லாரும் உள்கோட்டை நோக்கி இறங்கி முண்டியடிப்பார்கள். அந்த இடத்தில் முன்னால் தெரிய வேண்டும் என்ற ஆசையில் வாங்கும் மூன்று வினாடிக் கடனை, 500 மீட்டர் தாண்டியதும் கால்கள் இரட்டிப்பு வட்டியோடு வசூலித்துவிடும். இரண்டு போட்டியிலும் உன் ஓட்டம் நடந்த நேரத்திலேயே நீளம் தாண்டுதலும் நடந்தது என்று அதே பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறாய். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அவன் பார்க்கும்போது முன்னால் ஓட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அடுத்த போட்டியில் முதல் 200 மீட்டரை 33 வினாடிக்குக் குறையாமல் ஓடிப் பார். 200 மீட்டர் கோட்டருகே நின்று நேரத்தை உரக்கச் சொல்லும்படி கோச்சிடமே கேள். மணல்குழிப் பக்கம் கண் போகலாம், கழுத்து திரும்பக் கூடாது.

மனத்தில் ஒருவருக்கு இடம் கொடுத்தால் காலின் வேகம் போய்விடும் என்பது நம் மைதானங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் வாதம். இதற்குப் பதிலாக உன் சொந்த ஈவென்டிலேயே ஒருவர் இருக்கிறார். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை சென்ற ஷைனி ஆபிரகாம், நீச்சல் வீரரான வில்சன் செரியனைத் திருமணம் செய்துகொண்டு ஷைனி வில்சன் ஆனவர். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 1 நிமிடம் 59.85 வினாடியில் ஓடி, 800 மீட்டரில் இரண்டு நிமிடத்துக்குள் வந்த முதல் இந்தியப் பெண் என்ற பெருமையைப் பெற்றபோது அவர் ஒரு குழந்தைக்குத் தாய். அது பெரியவர்களின் வாழ்க்கை. 17 வயதுக்கு அதை முன்மாதிரியாகக் காட்டவில்லை. வேகத்துக்கும் விருப்பத்துக்கும் பிறவிப் பகை இருப்பதாகச் சொல்பவர்களுக்கு மட்டும் அந்த 1:59.85ஐக் காட்டலாம்.

உண்மையில் உன் டைமிங்கைக் கெடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது, அதை உன் கோச் கவனித்ததாகத் தெரியவில்லை. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டிய நீ, கவிதைகளின் கீழே இரவு 11.40, 12.15 என்று நேரம் குறித்திருக்கிறாய். கவிஞர்கள் நள்ளிரவில்தான் எழுதுவார்கள் என்பது கவிஞர்களே பரப்பிய வதந்தி. மாலைப் பயிற்சி முடிந்து ஸ்பைக்ஸைக் கழற்றி, கால்களை நீட்டி உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம் இருக்கிறதே, அப்போது எழுது. உடல் களைத்து மூச்சு அடங்கும் அந்த வேளையில் மனம் பொய் சொல்வதற்குச் சோம்பல்படும்.

இனிக் கவிதை. நீ அனுப்பியதை அப்படியே தருகிறேன்.

நிலவே உன் முகம் அவன் முகமா?
நெஞ்சில் ஏனிந்தப் பூகம்பம்?
தாண்டி எழுந்து
மணலைத் தட்டிக்கொண்டு
தன் தடத்தைத் தானே வாரிச்
சமமாக்கிவிட்டுப் போகிறான்.
ஆயிரம் முறை ஓடிய சிவப்புத் தரையில்
என் கால் பட்ட இடம் எது?

முதல் இரண்டு வரிகளை அடித்துவிடு. அந்த நிலவும் பூகம்பமும் யார் நோட்டிலும் இருக்கும். மூன்றாம் வரியிலிருந்து உள்ளது, தினமும் மணல்குழியைக் கடந்து ஓடும் ஒருத்தியால் மட்டுமே எழுதக்கூடியது. பெரிய போட்டிகளில் மணலைச் சமப்படுத்துவதற்குத் தனி ஆட்கள் இருப்பார்கள். பயிற்சியின்போது தாண்டியவனே அடுத்தவனுக்காக அதைச் செய்ய வேண்டும். அந்தச் சிறு மரியாதையை நீ பார்த்திருக்கிறாய், அதற்குப் பக்கத்தில் எதுவும் பதியாத சிந்தெடிக் தரையை வைத்திருக்கிறாய், காதல் என்ற சொல்லை எங்கும் பயன்படுத்தவில்லை. ‘ஆயிரம் முறை’ மட்டும் உறுத்துகிறது. ஒவ்வொரு சுற்றையும் வினாடிக் கணக்கில் குறித்து வைத்திருப்பவளுக்கு ஆயிரம் என்ற குத்துமதிப்பு பொருந்தவில்லை. ‘காலையும் மாலையும் ஓடிய’ என்று மாற்றினால் போதும்.

அவனிடம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒருவரைப் பற்றி எழுதப்பட்ட கவிதை அவரிடமே போய்ச் சேர வேண்டும் என்ற சட்டம் ஏதும் இல்லை. கடிதத்துக்குப் பதில் வர வேண்டும், வராவிட்டால் மனம் வேதனைப்படும். கவிதை எழுதி முடித்த அளவிலேயே நிறைவடைந்துவிடுகிறது. நம் இலக்கணமும் இதை அறிந்திருந்தது. இருவரும் விரும்பும் காதலான அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைவன், தலைவி இருவரின் இயற்பெயரையும் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. நீயும் நோட்டில் அவன் பெயரை எங்கும் எழுதவில்லை, யாரும் சொல்லித்தராமலேயே. அதை அப்படியே வைத்திரு. பேச வேண்டும் என்று தோன்றினால் கவிதையைத் தூது விடாமல் நேரில், பகலில், தோழிகள் இருக்கும் இடத்தில் பேசு. அதுவும் பொதுத்தேர்வும் இந்தப் பருவத்தின் போட்டிகளும் முடிந்த பிறகு. உண்மையான விருப்பமாக இருந்தால் ஏப்ரல் வரை தாக்குப்பிடிக்கும். மூன்றில் ஒன்றை வைத்துக்கொள் என்று கேட்ட கோச்சிடம், மூன்றாவதைத் தள்ளிவைத்திருக்கிறேன், இரண்டாவதைப் பகலுக்கு மாற்றிவிட்டேன், முதலாவதில் முதல் சுற்றை 67இல் ஓடப்போகிறேன் என்று சொல். கணக்கு தெரிந்த மனிதராக இருந்தால் ஏற்றுக்கொள்வார்.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். மாவட்டக் கபடி அணியில் ஆடுகிறான். அவன் பையில் கிடைத்த நோட்டு முழுவதும் ஒரு பெண்ணைப் பற்றிய கவிதைகள். அதை எடுத்து என் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். அவன் தேடிக்கொண்டிருக்கிறான், ஆனால் என்னிடம் கேட்கவில்லை. அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் விளையாட்டையே நிறுத்திவிடுவார். நான் என்ன செய்ய வேண்டும்?

நோட்டை இன்றே அவன் கையில் கொடுத்துவிடுங்கள், அம்மா. மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல இருப்பது சரியாகாது. “நான் படித்தேன், படித்திருக்கக் கூடாது, இனிமேல் படிக்க மாட்டேன்” என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவன் உங்களிடம் கேட்காமல் இருப்பதற்குக் காரணம், எடுத்தது நீங்கள்தான் என்று அவனுக்குத் தெரியும். அந்த மௌனம் நாளாக ஆகக் கெட்டிப்படும். பிறகு உண்மையாகவே ஒரு சிக்கல் வரும்போதும் அவன் உங்களிடம் வர மாட்டான்.

கபடி ஆடுகிறவன் கவிதை எழுதுவதில் உங்களுக்கு ஏற்பட்ட திகைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்ப்பக்கம் செல்பவரைப் ‘பாடிச் செல்பவர்’ என்று நம் ஊர்களில் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிராமத்துச் சடுகுடுவில் எதுகையும் மோனையும் தெறிக்க ஒரு பாட்டை மூச்சு விடாமல் பாடிக்கொண்டேதான் கோட்டைத் தாண்டுவார்கள். தன் வீரத்தையும் பாட்டன் பெயரையும் சொல்லி எதிராளியைச் சீண்டும் அந்த அடிகள் பல வட்டாரங்களில் பலவிதமாக வழங்கின. இன்று அது ‘கபடி கபடி’ என்ற ஒற்றைச் சொல்லாகவும் 30 வினாடிக் கணக்காகவும் சுருங்கிவிட்டது. பாட்டை மைதானத்திலிருந்து நாம் எடுத்துவிட்டோம், உங்கள் மகன் அதை நோட்டில் வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்களேன்.

அவன் அப்பாவிடம் மறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் முதலில் சொல்ல வேண்டியது மகன், நீங்கள் அல்ல. விளையாட்டை நிறுத்துவது எவ்வகையிலும் பயன் தராது. மாலையில் இரண்டு மணி நேரம் மண்ணிலும் மேட் விரிப்பிலும் புரண்டு களைத்து வந்து சாப்பிட்டுத் தூங்குகிற பையனிடமிருந்து அந்த இரண்டு மணி நேரத்தைப் பறித்தால், அது புத்தகத்துக்குப் போகாது, கைப்பேசிக்குத்தான் போகும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காதல் கவிதையில் சாவைப் பற்றிய பேச்சு வழக்கமாக வருவதுதான், அதைக் கண்டு அலற வேண்டாம். ஆனால் அத்தகைய வரிகளோடு சேர்ந்து சாப்பாடு, தூக்கம், பயிற்சி மூன்றிலும் அவன் விலகத் தொடங்கினால் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நான் கைப்பந்து ஆடுகிறேன், 16 வயது. எங்கள் பள்ளி அணியில் ஆடும் பெண்ணுக்காக ஒரு கவிதை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடும் வந்துவிட்டது; பதில் இல்லை. அடுத்த கவிதையை ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

வேண்டாம், தம்பி. பதில் இல்லை என்பதே ஒரு பதில். அந்தப் பெண் நாளை உன்னோடு ஒரே மைதானத்தில் ஆட வேண்டியவள். ஸ்டேட்டஸில் வைத்தால் உன் அணியும் அவள் அணியும் அதைப் படித்து அவளைத்தான் கேலி செய்யும், உன்னை அல்ல. கவிதை ஒருவரைச் சங்கடத்தில் நிறுத்துமானால் அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அனுப்பத் தகாதது. நாளைக்கு வழக்கம்போல வணக்கம் சொல், பயிற்சியைப் பார். எழுதுவதை நிறுத்தாதே, அனுப்புவதை நிறுத்து.

நான் அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் தடகள அணியில் மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்தே பயிற்சி செய்கிறார்கள். வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்லும்போது அவர்களுக்குள் கடிதம், கவிதை என்று பரிமாற்றம் நடப்பதாகச் சில பெற்றோர் புகார் சொல்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவே கூடாது என்று விதி போடலாமா?

அப்படி ஒரு விதி போட்டால் அதை மீறுவதற்கே அவர்களுடைய திறமையெல்லாம் செலவாகும், ஐயா. ரிலே அணிக்கு பேட்டன் மாற்றப் பயிற்சி கொடுக்கும் நீங்கள், நாள் முழுவதும் ஒரே மைதானத்தில் வியர்க்கும் பிள்ளைகளைப் பேசாதே என்று சொல்லி நம்பவைக்க முடியாது. பேசுவதற்குத் தடை விதிப்பதைவிட, வெளியூர்ப் பயணங்களில் எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்கு ஒன்றை வைப்பது மேல். மாணவிகளோடு ஓர் ஆசிரியை கட்டாயம் வர வேண்டும். தங்குமிடங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்குக் கைப்பேசிகள் ஒரு பையில் சேர வேண்டும், காலையில் திரும்பக் கிடைக்க வேண்டும். இதையெல்லாம் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் புகார்களில் பெரும்பகுதி தானாக நின்றுவிடும்.

முதல் கடிதம் எழுதிய பெண்ணின் கோச் செய்ததுபோல நோட்டின் பின்பக்கத்தைப் புரட்டாதீர்கள். பயிற்சிக் குறிப்பைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கவிதையைப் படிக்க, எழுதியவர் நீட்ட வேண்டும். முடிந்தால் பயிற்சிக் குறிப்புக்குத் தனி நோட்டு வாங்கிக் கொடுங்கள், பதினைந்து ரூபாயில் தீர்ந்துவிடும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சமவயதுப் பிள்ளைகளின் கவிதைப் பரிமாற்றத்தை நினைத்துத் தூக்கத்தைத் தொலைக்கும் பெரியவர்கள், பயிற்சியாளரோ மேலாளரோ மாணவிக்கு இரவில் தனியாக அனுப்பும் ‘நன்றாக ஓடினாய்’ என்ற செய்தியைப் பாராட்டு என்று விட்டுவிடுகிறார்கள். அணியில் யாருக்கு இடம் என்று முடிவு செய்பவருக்கும் அந்த இடத்துக்காக ஏங்கும் சிறுமிக்கும் இடையில் எந்தப் பெயரில் எது நடந்தாலும் அது காதல் ஆகாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொருந்தும். பொறுப்பில் இருப்பவர் செய்யும் குற்றத்துக்கு அதில் கூடுதல் தண்டனை உண்டு, குற்றம் நடந்ததாக அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கடமையும் உண்டு. இந்தச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதை உங்கள் மாணவர்களுக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பல பையன்களுக்கு அது தெரிவதில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடை மாற்றும் அறையின் கதவில், பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதி வையுங்கள். தலைமை ஆசிரியர் அறையில் மட்டும் ஒட்டி வைத்தால் யாருக்கும் உதவாது.

விளையாட்டும் கவிதையும் இரு துருவங்கள் என்றுதான் நான் எண்ணி வந்திருக்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில், அதுவும் இளமைக் காதலோடு, கூடியதற்கு இலக்கியத்திலோ வரலாற்றிலோ சான்று உண்டா?

உண்டு, அதுவும் நம் வீட்டு வாசலிலேயே. புறநானூற்றின் 80ஆம் பாட்டிலிருந்து 85 வரை தொடர்ந்து படித்துப் பாருங்கள். தந்தை தித்தனோடு பிணங்கி வெளியேறிய சோழ இளவரசன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூரில் ஒரு மல்லனோடு மற்போர் செய்து வெல்கிறான். முதல் மூன்று பாட்டும் சாத்தந்தையார் பாடியவை. ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்க, மற்றொரு கால் அவன் முதுகுப்புறமாக வளைந்திருந்த பிடியை 80ஆம் பாட்டில் அவர் இன்றைய நேர்முக வருணனையாளரைப் போலச் சொல்லிவிட்டு, மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இதை அவன் தந்தை பார்க்க வேண்டும் என்கிறார். பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்க வராத தகப்பன்மார் அன்றும் இருந்திருக்கிறார்கள்.

அடுத்த மூன்றையும் பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். அந்த மற்போர் வீரன் மேல் அவருக்கு மையல். அவனை நினைத்து வளை கழல்கிறது, தாய்க்குத் தெரிந்துவிடுமோ என்று அச்சம்; அவனைத் தழுவிக்கொள்ள ஆசை, அவையோர் இருக்கிறார்களே என்று நாணம். விடுதி மாணவி இன்று கோச்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று தவிப்பதற்கும் இதற்கும் அதிகத் தூரம் இல்லை. 84ஆம் பாட்டில், அவன் கூழ் குடித்தும் பெருந்தோள் உடையவனாக இருக்கிறான், நான் அவன் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே இருந்தும் பசலை படர்ந்து பொன்னிறம் ஆகிவிட்டேன் என்கிறார். காதலியும் ரசிகையுமான ஒருத்தி வீரனின் உணவையும் தோளையும் ஒருசேர நோட்டமிடும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. 85ஆம் பாட்டில் மற்போர் நடக்கிறது. அவனுக்கு இது சொந்த ஊர் இல்லை, சொந்த நாடும் இல்லை. வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு கூட்டம், இல்லை என்கிறது மற்றொரு கூட்டம். அவர் சிலம்பு ஒலிக்க ஓடி, தம் வீட்டுப் பனைமரத்தைப் பற்றி நின்றுகொண்டு அவன் வென்றதைக் காண்கிறார். இவ்வளவு காதல் இருந்தும் இவை அகத்தில் சேராமல் புறத்தில் கைக்கிளையாக, அதாவது ஒருதலைக் காதலாக, நிற்பதற்குக் காரணம், பாடப்பட்டவன் இன்னார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டதுதான்.

வரலாற்றிலும் ஒருவரைச் சொல்லலாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையின் லைட் ஹெவிவெயிட் பிரிவில் தங்கம் வென்றபோது காசியஸ் கிளேவுக்கு, அதாவது பின்னாளில் முகமது அலி ஆனவருக்கு, வயது 18. காலிறுதியில் ஒரு சோவியத் வீரரையும் இறுதியில் ஒரு போலந்து வீரரையும் வென்ற கதையை அந்தப் பையன் எதுகை சேர்த்துப் பாட்டாக்கி, ஊர் திரும்பியதும் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். பிறகு எதிராளி எந்தச் சுற்றில் விழுவான் என்று பாட்டிலேயே ஆரூடம் சொல்லத் தொடங்கினார்; 1962இல் ஆர்ச்சி மூர் நான்காம் சுற்றில் விழுவார் என்று சொல்லி, அதே சுற்றில் வீழ்த்தவும் செய்தார். அதே ரோமில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 ரிலே என்று மூன்று தங்கம் வென்ற வில்மா ருடால்ஃப் மேல் இளம் கிளேவுக்கு ஈர்ப்பு இருந்ததை அந்த ஒலிம்பிக்கைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது ஈர்ப்பாகவே நின்றுவிட்டது. இருவரும் நண்பர்களாகத் தொடர்ந்தார்கள். கவிதை என்ற அளவில் கிளேயின் பாட்டுகள் சாதாரணமானவை என்றே நான் சொல்வேன். பனைமரத்தைப் பற்றி நின்ற நக்கண்ணையாரின் ஒரு வரிக்கு அவை ஈடாகா.

ஒலிம்பிக்கிலேயே கவிதைக்குப் பதக்கம் கொடுத்த காலமும் உண்டு. 1912 முதல் 1948 வரை கலைப் போட்டிகள் நடந்தன, இலக்கியமும் அதில் ஒரு பிரிவு. முதல் முறை தங்கம் பெற்ற கவிதையை எழுதியவர் ஒலிம்பிக்கை மீட்டெடுத்த பியர் தெ குபெர்த்தென். தம் பெயரை மறைத்து இரண்டு புனைபெயர்களில் அனுப்பியிருந்தார். நடத்துகிறவரே பரிசு வாங்குவது நம் ஊர்க் கவியரங்கங்களில் மட்டும் நடக்கிற காரியம் என்று நினைத்திருந்தால், மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் ‘பாரதியார் தின விளையாட்டுப் போட்டி’ நடக்கிறது. நானும் கலந்துகொள்கிறேன். கவிஞர் பெயரில் எதற்கு விளையாட்டுப் போட்டி? பாரதியார் விளையாட்டு வீரரா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

இல்லை, கண்ணா. மாலை முழுதும் விளையாடு என்று பாப்பாவுக்குச் சொன்னவர் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு அந்த மாலை கிடைக்கவில்லை. தம் வாழ்க்கையைத் தாமே பாடிய சுயசரிதைப் பாடலில் அதைச் சொல்கிறார். தம் வயதுச் சிறுவர்கள் ஓடியாடி, குட்டையில் நீந்தி, மரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, தந்தையின் கட்டளைக்கு அஞ்சித் தெரு விளையாட்டு எதிலும் தாம் சேரவில்லை என்றும், புத்தகங்களோடு தனியாகத் தோழமை இன்றி வருந்தியதாகவும் எழுதியிருக்கிறார். அதே பாடலில், பத்து வயதில் ஒரு சிறுமியின் மேல் தமக்கு ஏற்பட்ட அன்பையும் ‘பிள்ளைக் காதல்’ என்று தலைப்பிட்டு, பெரியவரான பிறகும் வெட்கப்படாமல் பாடியிருக்கிறார். உன் வயதில் அதை முழுவதும் படிக்கலாம், கடினமான சொற்களுக்குத் தமிழாசிரியரைக் கேள். அவர் பிறந்த நாளான டிசம்பர் 11ஐ ஒட்டித்தான் அந்தப் பெயர் வந்தது. நீ எந்த ஈவென்டில் கலந்துகொள்கிறாய் என்று எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் அதையும் டைமிங்கையும் சேர்த்து எழுது.